இந்த மாதத்தின் இதயம்

இப்போதெல்லாம் தொலைக்காட்சியில் ஒரு நாடகம் ஆரம்பித்தால், நடிகர்கள் பெயர் ஓடி முடிவதற்குள் ஒரு பிணமாவது விழுந்தாக வேண்டும். விழவில்லை என்றால் அது குடும்ப நாடகம் என்று அர்த்தம். அதில் பிணம் விளம்பரத்துக்குப் பிறகு விழும். ஆவணப்படங்களும் சளைத்தவை இல்லை. தேனீக்களைப் பற்றி ஒன்று பார்த்தேன். கிழட்டு ராணியை மற்றத் தேனீக்கள் சூழ்ந்துகொண்டு கொல்வதை நாலு பக்கத்திலிருந்து, முரசு முழங்கக் காட்டினார்கள். தேன் எப்படி உண்டாகிறது என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. ஒரு பழைய பாலத்தைப் பற்றிய படத்தில், அதைக் கட்டியவரின் பெயர் போகிற போக்கில் ஒருமுறை வந்தது. அதிலிருந்து தள்ளிவிடப்பட்டவர்களின் கதை மிச்ச நேரம் முழுவதையும் எடுத்துக்கொண்டது.

இதையெல்லாம் எவன் கேட்டான் என்று நானும் உங்களைப் போலத்தான் எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, நான்தான் கேட்டேனாம்.

நான் ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை பார்க்கிறவன். ஒருநாள் மத்தியானம் சேனலிலிருந்து இரண்டு பேர் எங்கள் தெருவுக்கு வந்து, மாதிரிப் பார்வையாளர் ஒருவர் தேவை என்று வீடு வீடாக விசாரித்தார்கள். எனக்கு என்ன நிகழ்ச்சி பிடிக்கும் என்று கேட்டார்கள். எது ஓடுகிறதோ அது என்றேன். பிடிக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்றார்கள். தூங்கிவிடுவேன் என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட விதத்தில், தெருவில் புதையல் கிடைத்தவர்களின் சந்தோஷம் தெரிந்தது. என் மனைவிக்கும் சந்தோஷம். இந்த வீட்டில்தான் உங்களிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை, அங்கேயாவது கேட்கட்டும் என்று சொல்லி, இஸ்திரி போட்ட சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

சேனல் கட்டடத்தின் மேல்மாடியில் பார்வையாளர் விருப்பத் துறை இருந்தது. நடைவழிச் சுவரில், ஆள் உயரத்துக்குச் சட்டம் போட்ட ஒரு முகம். ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது, வயதும் தெரியாது. ஆயிரக்கணக்கான முகங்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு எடுத்த சராசரிப் பார்வையாளரின் முகமாம் அது. அதைக் கடக்கும்போது ஊழியர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். கோப்போடு ஓடிக்கொண்டிருந்த ஒருவர்கூட, அதன் முன்னால் மட்டும் நடந்து போய்விட்டுப் பிறகு மறுபடி ஓடினார்.

கூடத்தில் சாய்வு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. ஒரு பெண் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு கறுப்புப் பட்டையைக் கட்டிவிட்டாள். நம் நாடித் துடிப்பு அந்தப் பட்டை வழியாகப் போய், திரைக்கு மேலே இருக்கும் பலகையில் எண்ணாக எரியும். படம் தொடங்கும் முன் எல்லோரும் எழுந்து, வலது கையை நெஞ்சில் வைத்து, "எனக்கென்று கருத்து எதுவும் இல்லை. என் துடிப்பே என் கருத்து" என்று உறுதிமொழி சொல்ல வேண்டும். எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த முடிதிருத்துபவர் கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாகச் சொன்னார். அவர் மூன்று வருடமாக வருகிறவர்.

துறைத் தலைவர் மெல்லிய ஆள், மெல்லிய குரல். முதல் நாளே எங்கள் முன் கைகட்டி நின்று பேசினார்.

"நாங்க இங்க எதையும் முடிவு பண்றதில்ல. எனக்கு ரத்தத்தைப் பார்த்தாலே மயக்கம் வந்துடும். என் வீட்ல டிவியே கிடையாது, பிள்ளைங்க கெட்டுப் போயிடும்னு வாங்கல. ஆனா என் ரசனையை உங்க மேல திணிக்க நான் யாரு? நீங்க துடிக்கிறீங்க, நாங்க எடுக்கிறோம். அவ்வளவுதான் நம்ம உறவு."

முதலில் ஒரு சமையல் போட்டியைப் போட்டுக் காட்டினார்கள். பாதியில் போட்டியாளர் ஒருத்தி விரலை வெட்டிக்கொண்டாள். எல்லோரும் பதறினோம், பலகையில் எண் குபுக்கென்று ஏறியது. அடுத்த வாரம் வேறொருத்தி விரலை வெட்டிக்கொண்டாள், கொஞ்சம் ஆழமாக. அதற்கடுத்த வாரம் நடுவருடைய கை. சீக்கிரமே அந்தப் போட்டியில் யாரும் எதையும் சமைப்பது நின்றுபோனது. வலிக்காதா என்று பட்டை கட்டும் பெண்ணிடம் கேட்டேன். வெட்டிக்கொண்டவர்தான் அடுத்த சுற்றுக்குப் போகிறார் என்பதால் இப்போது வரிசையில் நிற்கிறார்கள் என்று சொல்லி, என் பட்டையை ஒரு துளை இறுக்கிவிட்டாள்.

குடும்ப நாடகத்திலும் அதே கதைதான். மாமியார் மருமகளை ஒரு அறை விட்டாள். எங்களுக்குத் தூக்கிப் போட்டது. அடுத்து வந்த அறையில் மருமகளின் பல் விழுந்தது. பிறகு இரும்புச் சட்டி, அதற்குப் பிறகு அடுப்பிலிருந்து அப்படியே எடுத்த இரும்புச் சட்டி. ஒருநாள் லிப்டில் அந்த மருமகளோடு நானும் ஏறினேன். ஒரு கண் முழுதாக மூடி வீங்கியிருந்தது, மேக்கப் இல்லை. என் கையில் இருந்த பட்டையைப் பார்த்ததும் வணக்கம் சொன்னாள். நாங்கள் துடித்ததால்தான் அவளுக்கு இன்னும் ஆறு மாதம் வேலை இருக்கிறதாம். உதடு கிழிந்திருந்ததால் பாதி வார்த்தை சரியாக வரவில்லை. அவள் இறங்க வேண்டிய மாடியின் பொத்தானை நான் அழுத்தினேன்.

இனி என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் ஒரே தம்பி. விசில் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்; ஸ்கூட்டர் சத்தத்துக்கு முன்னால் அவன் விசில் சத்தம் தெருவுக்கு வந்துவிடும். எங்கள் கடை ரொட்டியை அவன்தான் மற்றக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவான். ஒருநாள் காலையில் சந்தைத் தெருவில் ஒரு கடையின் ஷட்டருக்கு முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தியிருக்கிறான். உள்ளேயிருந்து நாலு பேர் வந்தார்கள். ஒருவன் இவனுடைய ஹெல்மெட்டையே பிடுங்கி இவன் தலையில் வீசி அடித்தான். விழுந்தவன்தான், எழுந்திருக்கவில்லை. நாலு பேரும் அதற்குப் பிறகும் அவனை விடவில்லை. கை ஓயும்வரை அடித்தார்கள், மிதித்தார்கள். ஆனால் முதல் அடியிலேயே நினைவு போய்விட்டது, பிறகு நடந்தது எதுவும் அவனுக்குத் தெரிந்திருக்காது என்று டாக்டர் என் மனைவியிடம் சொன்னார். அவள் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருக்கிறாள். வருகிறவர்களிடமெல்லாம் அதைத்தான் சொல்வாள், அவனுக்கு எதுவும் தெரியாது, பட்டென்று போய்விட்டான் என்று.

வழக்கு இழுத்துக்கொண்டே போனது. அவன்தான் முதலில் கை நீட்டினான் என்று நாலு பேரும் சொல்லிவிட்டு, ஜாமீனில் வந்து அதே சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதனால், அந்தச் சம்பவத்தை ஆவணப்படமாக எடுக்கிறோம் என்று சேனலிலிருந்து வந்தபோது, அவள் இருப்பதிலேயே நல்ல போட்டோவைத் துணியால் துடைத்துக் கொடுத்தாள். தம்பி உங்களை எப்படிக் கூப்பிடுவான் என்று கேட்டார்களாம். அக்கா என்றுதான் கூப்பிடுவான் என்றாளாம். இனிமேலாவது ஊர் உண்மையைத் தெரிந்துகொள்ளும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

அந்தப் படத்தை என்னிடமே போட்டுக் காட்டுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. மாதிரிப் பார்வையாளருக்கு என்ன படம் என்று முன்கூட்டியே சொல்வது துறையின் சட்டப்படி குற்றம். விளக்கு அணைந்தது. முதலில் வெகுநேரம் ஸ்கூட்டரைக் காட்டினார்கள். பிறகு ஒரு விசில் கேட்டது. என் மச்சானைப் போலவே தலைவாரிய ஒரு நடிகன் இறங்கி, ஸ்டாண்டு போட்டான். ஷட்டர் திறந்தது. ஹெல்மெட் அவன் தலையில் இறங்கியபோது என் நெஞ்சு தொண்டைக்கு வந்து அடித்தது. எங்கேயோ ஒரு மணி அலறியது. அங்கே மணி இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

விளக்கைப் போட்டார்கள். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். துறை ஆரம்பித்த நாளிலிருந்து இப்படி ஒரு எண் வந்ததில்லை என்று தலைவர் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். 'இந்த மாதத்தின் இதயம்' என்று போட்டு என் படத்தைச் சுவரில் மாட்டினார்கள். ஒரு கேக் கொடுத்தார்கள். அது எங்கள் கடைக் கேக், காலையில் நானே சுட்டது.

அது என் மச்சான் என்று தலைவரிடம் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது. அதனால்தான் துடிப்பில் இவ்வளவு நேர்மை இருந்தது என்றார். பட்டைப் பெண் பக்கம் திரும்பி, குடும்பத்தாரின் ஒப்புதல் கிடைத்துவிட்டதாக எழுதிக்கொள்ளச் சொன்னார். ஒப்புதல் இல்லை ஐயா, தாங்க முடியாமல் துடித்தது, அந்த இடத்தை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் என் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா ஏன் துடிக்குதுன்னு கேட்கிற கருவி இன்னும் வரல. எவ்வளவு துடிக்குதுன்னு கேட்கிற கருவிதான் வந்திருக்கு. இருக்கிறதை வச்சுத்தானே வேலை பார்க்க முடியும்?"

அடுத்த முறை அந்தக் காட்சி நீண்டிருந்தது. இப்போது முதல் அடியில் அவன் விழவில்லை. எழுந்து ஓடினான். பிடித்து இழுத்து, கையை வாசல்படியில் வைத்து அதன் மேல் ஷட்டரை இறக்கினார்கள். சைக்கிள் சங்கிலி ஒன்று எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. என் நெஞ்சு முன்னைவிட மோசமாக அடித்தது. அதற்கடுத்த முறை அவனை அவன் ஸ்கூட்டரிலேயே கட்டிச் சந்தையைச் சுற்றி இழுத்தார்கள். ஒரு இடத்தில் நடிகன் வாயைத் திறந்தான். ஐயோ, கூப்பிட்டுவிடப் போகிறான் என்று எனக்குத் தூக்கிப்போட்டது. கூப்பிடவில்லை. ஆனால் பலகை அதைக் குறித்துக்கொண்டது. அதற்கடுத்த முறை, ரத்தம் வழிகிற வாயோடு, "அக்கா" என்று கூப்பிட்டான்.

என்னால் முடியாது, நான் விலகிக்கொள்கிறேன் என்று தலைவரிடம் போய் நின்றேன். தாராளமாக விலகலாம் என்றார். விலகுகிறவரின் கடைசித் துடிப்பு அவருடைய இறுதி விருப்பமாக எடுத்துக்கொள்ளப்படும். அதை அவரே வந்து வேறு துடிப்புத் துடித்தால் ஒழிய யாராலும் மாற்ற முடியாது. "பிடிக்கலைன்னா குறைவா துடிங்க. யார் தடுத்தா?" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. அந்த மனிதருக்குக் கிண்டல் வராது.

வீட்டில் மனைவி நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். நன்றாக எடுக்கிறார்களா என்று கேட்டாள். இன்னும் வேலை நடக்கிறது என்றேன். நீ அதைப் பார்க்க வேண்டாம் என்றும் சொல்லிப் பார்த்தேன்.

"என் தம்பிக்காக இந்த ஊரு ஒரே ஒரு தடவை வாயைத் திறக்கப் போகுது. நான் பார்க்காம வேற யாருங்க பார்ப்பா?" என்றாள்.

அவள் காதில் அந்த 'அக்கா' விழக்கூடாது. எனக்கு அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை. ஆகவே சாயங்காலம் வந்ததும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து, மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு பயிற்சி எடுக்க ஆரம்பித்தேன். குத்து, வெட்டு, கழுத்து நெரிப்பு, சுறாமீன், போர்க்களம், எதையும் விடவில்லை. முதலில் ஒரு அலறல் கேட்டாலே நாடி ஓடியது. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். திரையில் கத்தி வெளியே வந்ததும் நான் மனதுக்குள் எங்கள் அடுப்புக்குப் போய்விடுவேன். பின்வரிசைத் தட்டு சிவந்துவிட்டதா, திருப்பி வைக்கலாமா, பன்னின் மேல்பக்கம் காய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். கொஞ்ச நாளில் ஒருவனை உயிரோடு தோலுரித்தாலும் நான் பல்குத்திக்கொண்டு பார்க்கிற அளவுக்குத் தேறிவிட்டேன். கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்களே என்றாள் மனைவி. எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான், கடையில் மாவு பிசைகிறவரின் கை இயந்திரத்துக்குள் போனது. எலும்பு நொறுங்குகிற சத்தம் கேட்டது; வெள்ளை மாவு முழங்கை உயரத்துக்குச் சிவந்தது. எல்லோரும் அலறினார்கள். நான் நிதானமாகப் போய் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, என் தட்டு கருகுகிறதா என்று திரும்பிப் பார்த்தேன். அவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, கழுவுகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தபோது எனக்கு என் மேலேயே பயம் வந்தது. இருந்தாலும் இன்னும் ஒரே ஒரு முறைதான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கடைசித் திரையிடலுக்குப் போனேன். உறுதிமொழி சொன்னேன். விசில் கேட்டது. ஹெல்மெட், ஷட்டர், சங்கிலி, ஸ்கூட்டர் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நான் தட்டுகளைத் திருப்பிக்கொண்டிருந்தேன். என் மச்சான் தரையில் கிடந்து அக்கா, அக்கா என்று கதறியபோது, முன்வரிசைப் பன்கள் பதமாகச் சிவந்திருந்தன. மேலே என் எண் இறங்கிக்கொண்டே போனது. மணி அடிக்கவில்லை. கூடம் அமைதியாக இருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

தலைவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். துக்கவீட்டுக்கு வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"உங்க தீர்ப்பை ஏத்துக்கறோம். செத்தவனோட சொந்த மச்சானே பதறலைன்னா என்ன அர்த்தம்? அவன் ஏதோ செஞ்சிருக்கான்னுதானே அர்த்தம்? அந்த நாலு பேரு தரப்பை நாங்க இத்தனை நாளா கேட்கவே இல்ல. எங்க கண்ணைத் திறந்தது நீங்கதான்."

பயிற்சி எடுத்து, மனதைக் கட்டிப்போட்டு வந்ததைச் சொன்னேன். இது பொய்த் துடிப்பு என்றேன். ஒரு பட்டைக்கு இரண்டு நாக்கு கிடையாது, முதல் நாள் உங்களை இதயம் என்று சொன்னதும் இதே பட்டைதான் என்றார். அப்படியென்றால் அந்தக் காட்சியையாவது எடுத்துவிடுங்கள் என்றேன்.

"அதை எப்படிங்க எடுக்கிறது? அவனை அடிக்கிறது இருந்தாத்தானே நீங்க பதறாம இருக்கிறது தெரியும்?"

பட்டையைப் பிய்த்து எறிந்தேன். அவர் சட்டையைப் பிடித்துத் தூக்கி, வாயிலேயே ஒன்று விட்டேன். எத்தனையோ வருடம் மாவு மூட்டை தூக்கிய கை. மெல்லிய மனிதர் இரண்டு நாற்காலிகளோடு சேர்ந்து உருண்டார். விடாமல் குனிந்து இன்னொன்று கொடுத்தேன். மூக்கு உடைவது கைக்குத் தெரிந்தது. யாரும் தடுக்க வரவில்லை. மற்ற மாதிரிப் பார்வையாளர்கள் பட்டையைக் கழற்றாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பலகையில் எண்கள் கிடுகிடுவென்று ஏறின. மணி அலறியது. ஊழியர்கள் எல்லோரும் பலகையைத்தான் அண்ணாந்து பார்த்தார்கள். தரையில் கிடந்த தலைவரும் ரத்தம் ஒழுகுகிற வாயோடு அந்தப் பக்கம் கழுத்தைத் திருப்ப முயன்றார்.

"எவ்வளவு?" என்று கேட்டார். பிறகு தன் சட்டையில் இருந்த ரத்தத்தைப் பார்த்து மயங்கிப்போனார்.

என் மேல் புகார் எதுவும் வரவில்லை. அடுத்த வாரமும் இதே நேரத்துக்கு வர முடியுமா என்று பட்டைப் பெண் போனில் கேட்டாள், அவ்வளவுதான்.

ஒளிபரப்பு ஒரு சாயங்காலம். அக்கம்பக்கத்தவர்கள் எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மனைவி வெளுத்துவைத்த புடவை கட்டிக்கொண்டு, தொலைக்காட்சிக்கு நேர் எதிரே தரையில் அமர்ந்திருந்தாள். போகச் சொல்ல எனக்கு வழியில்லை. பார்க்காதே என்று மறுபடி சொன்னதற்கு அவள் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். படத்துக்கு இப்போது 'மறுபக்கம்' என்று பெயர். அந்த நாலு பேரும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, சோபாவில் உட்கார்ந்து, அன்று எவ்வளவு பயந்துபோனோம் என்று விவரித்தார்கள். ஒருவன் அழக்கூட அழுதான். பிறகு காட்சி வந்தது. திரை இரண்டாகப் பிரிந்தது. இடதுபக்கம் ஷட்டருக்கு அடியில் கை நசுங்க என் மச்சான் துடித்துக்கொண்டிருந்தான். வலதுபக்கம் என் முகம். அந்த நாற்காலிகளுக்கு எதிரே கேமரா இருந்தது எனக்குத் தெரியாது. சலவைக்குப் போட்ட துணி எப்போது வரும் என்று யோசிக்கிறவனைப் போல உட்கார்ந்திருந்தேன். என் முகத்துக்குக் கீழே 'இறந்தவரின் நெருங்கிய உறவினர்' என்று எழுத்து ஓடியது. அக்கா, அக்கா என்று இடதுபக்கத்திலிருந்து கதறல் வந்தது. வலதுபக்கம் ஒரு இமைகூட அசையவில்லை.

வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, என்னைப் பார்க்காமல் வெளியே போனார்கள். கதவைக்கூட யாரும் சாத்தவில்லை. என் மனைவி எழுந்து என் முன்னால் வந்து நின்றாள்.

"அவன் என்னைக் கூப்பிட்டானா?"

"இல்லம்மா. டாக்டர் சொன்னாரே, முதல் அடியிலேயே அவனுக்கு நினைவு போயிடுச்சு. அது அவங்களா சேர்த்தது. என் நெஞ்சு துடிச்சதைப் பார்த்துட்டுச் சேர்த்தது."

"எந்த நெஞ்சு?" என்றாள்.

அதற்குப் பிறகு அடித்தாள். முதலில் கையால் கன்னத்தில். பிறகு முஷ்டியால், நெஞ்சிலும் வாயிலும், எங்கே பட்டதோ அங்கே. என் உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் இறங்கியது. நான் கையைத் தூக்கவில்லை. அவள் அடிப்பது எனக்கு வலித்தது. வெகுநாளைக்குப் பிறகு ஒன்று வலிக்கிறதே என்று எனக்கு அழுகை வந்தது. அதை அவள் பார்க்கவில்லை. மூச்சு வாங்க அவள் மறுபடி தரையில் உட்கார்ந்து, ரிமோட்டை எடுத்து, பெட்டியில் பதிவாகியிருந்த படத்தைப் பின்னால் ஓட்டினாள். நாலு பேர், சோபா, மறுபடி ஷட்டர் என்று தேடி, அவன் கூப்பிடுகிற இடத்தைக் கண்டுபிடித்து நிறுத்தினாள். சத்தத்தைக் கூட்டினாள்.

திரையில் யாரோ ஒரு நடிகன், அக்கா என்று கத்தினான்.

"வந்துட்டேன்டா," என்றாள் என் மனைவி.